குருவி காட்டிய ஏழாவது வித்தியாசம்

“எல்லாப் படமும் ஒண்ணு போலத்தான் இருக்கு” என்றார் சூப்பர்வைசர். ஆபீஸ் மடிக்கணினியை மேஜைமேல் தள்ளிவிட்டார். “மஞ்சத் தொப்பி என்னைப் பார்த்துச் சிரிக்கப் போறான்.”

அவர் மனைவி நிமிரவில்லை. பூனைக்கு வால் வரைந்துகொண்டிருந்தாள். ஒரு படத்தில் வால் தூக்கியிருக்கும், இன்னொன்றில் தொங்கும். அன்றைய வித்தியாசங்களில் அது நான்காவது.

அந்தக் குடியிருப்பில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘ஆறு வித்தியாசம்’ என்பார்கள், அவசரத்தில் ‘வித்தியாசம்’. வாரப் பத்திரிகையில், இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஆறு வித்தியாசம் கண்டுபிடிக்கச் சொல்வார்களே, அந்தப் படங்களை வரைகிறவள் இவள். லிஃப்டில் பார்க்கிறவர்கள்கூட, “அஞ்சு கிடைச்சிருச்சு, ஆறாவதை எங்கே ஒளிச்சு வெச்சீங்க?” என்று கேட்ட பிறகுதான் சௌக்கியம் விசாரிப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் அதே குடியிருப்பின் சூப்பர்வைசர். லிஃப்ட் நின்றாலும் அவர், சாக்கடை நிற்காமல் ஓடினாலும் அவர். கொஞ்ச நாளாக அவரது தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது ஒரு சுவர்.

பக்கத்து மனையில் புதுக் கட்டடத்துக்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். தோண்ட ஆரம்பித்த கையோடு குடியிருப்பின் சுற்றுச்சுவரில் விரிசல் விட்டது. சுவரை ஒட்டிய அறையில் சூப்பர்வைசரின் தங்கை குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். வேலைக்குப் போகிற தாய்மார்கள் காலையில் விட்டுவிட்டு மாலையில் தூக்கிப் போகும் பிஞ்சுகள் அத்தனையும் அந்த விரிசலுக்கு இந்தப் பக்கம்.

தோண்டுகிற காண்டிராக்டரை எல்லோரும் ‘மஞ்சத் தொப்பி’ என்பார்கள். தலைக்கவசத்தைக் கழற்றி யாரும் பார்த்ததில்லை. “விரிசல் பழசு சார். வளர்ந்திருக்குன்னு காட்டுங்க, அந்த நிமிஷமே மெஷினை நிறுத்துறேன்” என்று குடியிருப்புக்காரர்கள் முன்னால் சொல்லிவிட்டான். சூப்பர்வைசரும் வாராவாரம் கேட் தூணின் மேல் போனை வைத்து, ஒரே இடத்திலிருந்து சுவரைப் படம் எடுத்து வந்தார். இன்று மதியம் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் நாளையிலிருந்து பள்ளம் இன்னும் ஆழமாகும்.

“அண்ணி, பழைய பாய் ஏதாவது இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் தங்கைக்காரி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று எனக் குழந்தைகள். “ஷெட்டுத் தரை சில்லுனு இருக்கு. இதுங்க உட்கார்ந்தா உடனே ஜலதோஷம்தான்.”

“எந்த ஷெட்டு?”

“உங்க வீட்டுக்காரர் சொல்லலையா? தண்ணித் தொட்டிக்குக் கீழ இருக்குல்ல, அதான். சுவர் பக்கமே இருக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டார். இன்னிக்கே ஜாகை மாத்துறோம்.”

“பாதுகாப்பான இடம்” என்றார் சூப்பர்வைசர். “நாலு காங்கிரீட் தூண். மேல தொட்டி. மழைகூட உள்ள வராது.”

“வெள்ளை அடிச்சுக் குடுத்திருக்கார் அண்ணி. கல்யாணத்துல எனக்கு ஒரு புடவை எடுத்துக் குடுக்காத மனுஷன், ஷெட்டுக்கு ரெண்டு கோட் அடிச்சிருக்கார்.”

“புடவை எடுத்தேனே.”

“அது திரைச்சீலைண்ணா. ஜன்னல்ல மாட்டியிருக்கேன், வந்து பாரு.”

பாய்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவள் போனாள். வித்தியாசம் பென்சிலைக் கீழே வைத்தாள்.

“எங்கே, அந்தப் படத்தைக் காட்டுங்க.”

ஆபீஸ் மடிக்கணினியில் சூப்பர்வைசர் முதல் படத்தைத் திறந்தார். விரிசலைப் பெரிதாக்கினார். அடுத்த படத்துக்குப் போனார். முதல் படம் மெல்லக் கரைந்தது, இரண்டாவது பூப்போல மலர்ந்து வந்தது. வந்ததும் சிறியதாகி, முழுச் சுவரையும் காட்டியது. மறுபடி பெரிதாக்கி, விரிசலைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் முதல் படத்தில் பார்த்தது மறந்துபோனது.

“இது படம் காட்டலைங்க. பம்மாத்து காட்டுது” என்றாள் அவள். “என் கம்ப்யூட்டர்ல போடுங்க.”

அவளுடைய கம்ப்யூட்டருக்கு ஒரு கதை உண்டு. ஒரு காலத்தில் அதை ஆன் செய்துவிட்டுத் துணி துவைத்துக் காயப்போட்டு வந்தால்தான் கண் விழித்திருக்கும். குப்பையில் போடலாம் என்று இருந்தபோது அவள் தம்பி வந்து, விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். “ஓப்பன் சோர்ஸ்க்கா. எப்படி எழுதியிருக்காங்கன்னு யார் வேணா பார்க்கலாம், திருத்தலாம், எடுத்துக்கலாம்.” “சும்மாவா?” “சும்மாதான்.” “சும்மா கிடைக்கிறது எத்தனை நாளைக்கு வரும்?” என்று அவள் உதட்டைப் பிதுக்கினாள். கம்ப்யூட்டர் இளவட்டமாகி ஓட ஆரம்பித்தது. அதில் படம் பார்ப்பதற்கென்று ஒரு சின்ன மென்பொருள் இருந்தது. ஐகானில் ஒரு சிட்டுக்குருவி. அதனால் அவள் வைத்த பெயர் ‘குருவி’.

குருவியின் அருமை அவளுக்கு உடனே தெரியவில்லை. ஒரு வாரம் வசமாக மாட்டிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

படத்தை வரைந்து, நகல் எடுத்து, நகலில் ஆறு இடத்தில் கை வைப்பாள். அப்படிக் கை வைக்கையில் ஒரு தடவை பூந்தொட்டியின் நிழல் அவளுக்கே தெரியாமல் அழிந்துவிட்டது. பத்திரிகை வெளிவந்த அன்றே எடிட்டர் போனில் வந்தார். “ஆறுன்னு போட்டுட்டு ஏழு குடுத்திருக்கியேம்மா. கூடக் கிடைச்சா வாசகர் சந்தோஷப்படுவார்னு நினைச்சியா? சண்டைக்கு வர்றாங்க. அவங்க எழுதின விடை தப்பா, நம்ம விடை தப்பான்னு வீட்டுக்கு வீடு பஞ்சாயத்து.”

அன்று மானம் போனது. அன்றைக்குத்தான் இரண்டு படத்தையும் குருவியில் திறந்து, அம்புக்குறியை முன்னும் பின்னும் தட்டிப் பார்த்தாள். இந்தப் படம், அந்தப் படம், இந்தப் படம், அந்தப் படம். மாறாதது எல்லாம் கல்லாகக் கிடந்தது. மாறினது மட்டும் தவளை மாதிரி குதித்தது. வால் குதித்தது, ஜன்னல் குதித்தது, சட்டைப் பொத்தான் குதித்தது. கண்ணைக் கசக்கித் தேடவே வேண்டாம். பூந்தொட்டியின் நிழல், ‘நான்தான் அந்தத் திருடன்’ என்று துள்ளிக்கொண்டு நின்றது.

வேறு எந்த மென்பொருளிலும் இது இப்படி நடக்கவில்லை, முயன்று பார்த்துவிட்டாள். ஒன்று கரைத்துக் காட்டும், ஒன்று சறுக்கிக்கொண்டு வரும், ஒன்று நடுவில் கறுப்பாகி ஒரு நொடி யோசிக்கும். அந்த ஒரு நொடியில் கண் ஏமாந்துவிடும். குருவி யோசிப்பதே இல்லை. நீங்கள் கேட்பதற்கு முன்பே அடுத்த படத்தைத் தயாராகக் கையில் வைத்திருக்கும். மூக்கு நுனியைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தால், அடுத்த படத்திலும் அதே மூக்கு நுனி, அதே இடத்தில், அதே அளவில். புள்ளிகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலையும் கிடையாது. உள்ளது உள்ளபடி.

இதை எழுதினது யார் என்று அவள் தேடிப் பார்த்ததுண்டு. குருவியின் இணையப் பக்கத்தில் பெயர் போட வேண்டிய இடத்திலும் அந்தக் குருவிதான் உட்கார்ந்திருந்தது. பயன்படுத்துகிறவர்கள் குறை சொல்லும் பகுதியில் யாரோ ஒருவர், படம் மாறும்போது அழகாகக் கரைகிற மாதிரி வைத்தால் என்ன என்று கேட்டிருந்தார். அதற்குக் குருவிக்காரர் எழுதியிருந்த பதில் ஒரே வரி: ‘ரெண்டு படத்துக்கும் நடுவுல நான் எதுக்கு?’

அதைப் படித்த நாளிலிருந்து முகம் தெரியாத அந்த ஆள் மேல் அவளுக்கு ஒரு தனி மரியாதை. வேலை தெரிந்தவன் ஒதுங்கி நிற்கிற அழகே அழகு.

சூப்பர்வைசரின் படங்கள் குருவியில் திறந்தன. அவள் அம்புக்குறியைத் தட்டினாள்.

மொத்தப் படமும் குதித்தது. சுவர், தெரு, ஆகாயம், எல்லாம்.

“பார்த்தியா, சுவர் நகருது” என்று நாற்காலியிலிருந்து எழுந்தார் சூப்பர்வைசர்.

“உட்காருங்க. சுவர் நகரலை, உங்க போன் நகர்ந்திருக்கு. வாராவாரம் கொஞ்சம் தள்ளித் தள்ளி வெச்சிருக்கீங்க.”

“அதே தூண்லதான் வெச்சேன்.”

“அதே தட்டுலதான் சாப்பிடுறீங்க. அதே இடத்துலயா சிந்துறீங்க?”

அவர் உட்கார்ந்தார்.

படத்தின் பின்னணியில், தெருவைத் தாண்டி ஒரு பழைய வங்கிக் கட்டடம் தெரிந்தது. அது எங்கும் போகப்போவதில்லை. வரைகிற மென்பொருளில் எல்லாப் படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வங்கியின் ஜன்னல் கம்பிகள் பொருந்தும்வரை நகர்த்தி, கொஞ்சம் திருப்பி, ஓரங்களை வெட்டிச் சேமித்தாள். ஆறு வித்தியாசத்துக்கு இதைத்தானே வாழ்நாள் முழுக்கச் செய்கிறாள். பிறகு மறுபடி குருவி.

தட்டினாள். வங்கி அசையவில்லை. விரிசலைப் பெரிதாக்கினாள். முதல் வாரம், கடைசி வாரம். முதல் வாரம், கடைசி வாரம்.

விரிசல் கல்லாகக் கிடந்தது.

“ஒரு மயிரிழைகூட நகரலைங்க. மேல் பூச்சு வெடிச்சிருக்கு, அவ்வளவுதான். தொப்பி சொல்றது நிஜம்.”

சூப்பர்வைசரின் முகம் காற்றுப் போன டியூப் மாதிரி ஆனது. “அப்போ நான்தான் ஊரைக் கூட்டிட்டேனா? பச்சைக் குழந்தைங்களை வேற இடம் மாத்தி...”

“நல்ல சேதிதானே. சுவர் நல்லா இருக்கு.”

சொல்லிக்கொண்டே படத்தை முழு அளவுக்குச் சுருக்கினாள். விரல் பழக்கதோஷத்தில் தட்டிக்கொண்டே இருந்தது. இந்தப் படம், அந்தப் படம். அவளுடைய கண் சுவரில். ஆனால் கண்ணின் ஓரத்தில், படத்தின் வலது மூலையில், என்னவோ ஒன்று ‘உம்’ என்று தலையாட்டியது.

விரல் நின்றது.

“ஏன் நிறுத்திட்டே?”

“ஏழாவது ஒண்ணு இருக்குங்க” என்றாள் அவள். குரல் மாறியிருந்தது.

வலது மூலையைப் பெரிதாக்கினாள். சுற்றுச்சுவருக்கு உள்பக்கம், நான்கு தூண்களின் மேல், குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டி. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை. அது பாட்டுக்கு ஓரத்தில் வந்து விழுந்திருந்தது. தட்டினாள். தூண்களின் அடி ஏறக்குறைய அசையவில்லை. தொட்டியின் விளிம்பு பள்ளத்தின் பக்கம் குதித்தது. தட்டினாள். திரும்பி வந்தது.

“உன் அடுக்கல் தப்பாயிருக்கும்” என்றார் சூப்பர்வைசர்.

“வங்கி அசையலை. சுவர் அசையலை. விளக்குக் கம்பம் அசையலை. இது மட்டும் ஏன் அசையணும்? இருங்க.”

முதல் படத்துக்குப் போனாள். அம்புக்குறியை அழுத்திப் பிடித்தாள். குருவி ஒவ்வொரு வாரத்தையும் வரிசையாக, தயங்காமல், ஒரே இடத்தில், ஒரே அளவில் காட்டிக்கொண்டு போனது. பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கிவிழுகிற ஆளின் தலை போல, தண்ணீர்த் தொட்டி கொஞ்சம் கொஞ்சமாக, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தது. கடைசி இரண்டு படங்களுக்கு நடுவில் சாய்ந்ததுதான் அதிகம்.

வெளியே எங்கோ ஒரு சத்தம் சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. இருவருக்கும் அது என்னவென்று ஒரே நேரத்தில் உறைத்தது.

“மோட்டார் ஓடுது” என்றார் அவர். “காலையில நான்தான் போட்டேன். தொட்டி ரொம்பிட்டிருக்கு.”

அவள் ஏற்கெனவே போனைக் காதில் வைத்திருந்தாள். நாத்தனாரின் போன் அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கை நிறையக் குழந்தை வைத்திருக்கிறவள் போனை எடுப்பாளா?

இருவரும் லிஃப்டுக்குக் காத்திருக்கவில்லை. மாடிப்படியில் அவர் செருப்பு ஒன்று பின்தங்கிவிட்டது. அவர் மோட்டார் அறைப் பக்கம் ஓட, அவள் ஷெட்டைப் பார்த்து ஓடினாள்.

ஷெட்டில் அவள் வீட்டுப் பாய் விரித்திருந்தது. வெள்ளையடித்த சுவரில் நாத்தனார் காகித மீன்கள் ஒட்டிக்கொண்டிருந்தாள். குழந்தைகள் வட்டமாக உட்கார்ந்து எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

“எல்லாரையும் கூட்டிட்டு வெளியே வா. இப்பவே.”

“அண்ணி, இப்பதான் உட்கார வெச்சேன். ஒண்ணை உட்கார வெச்சா ஒண்ணு...”

“தொட்டி சாயுது.”

நாத்தனார் மறுபேச்சுப் பேசவில்லை. அண்ணி எதிலும் ஒன்று கூட்டிச் சொல்லமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். கையிலிருந்த மீனைக் கீழே போட்டாள். “ரயில் விளையாட்டு. யார் முதல்ல கேட் வரைக்கும் போறாங்க?” என்றாள், குரலில் ஒரு நடுக்கம் இல்லாமல். பிஞ்சுகள் ஒன்றன் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு ‘குச்சு குச்சு’ என்று கிளம்பின. நடக்கத் தெரியாததை வித்தியாசம் தூக்கிக்கொண்டாள். கடைசிப் பெட்டியாக நாத்தனார்.

கேட்டைத் தாண்டும்போது மோட்டார் சத்தம் நின்றது.

மஞ்சத் தொப்பி அப்போதுதான் ஜீப்பிலிருந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான். “கம்ப்யூட்டர்ல படத்தை மாத்தி மாத்திக் காட்டினா மலைகூட ஆடும் சார். முதல்ல சுவர்னீங்க, இப்ப தொட்டியா? அடுத்து எது, வங்கியா?”

“சுவர் ஆடலை. நீங்க சொன்னது சரி, அதை ஒத்துக்கறேன்” என்றார் சூப்பர்வைசர், ஒற்றைச் செருப்போடு. “தொட்டியைச் சரி பார்த்துட்டு அப்புறமா சிரிங்க.”

“பார்த்துட்டாப் போச்சு.”

வேலையாட்களிடம் தூக்குக்குண்டு வாங்கிக்கொண்டு மஞ்சத் தொப்பியே ஏணியில் ஏறினான். ஆயிரம் சொல்லலாம், தொழில் தெரிந்த ஆள். பள்ளத்தின் பக்கத்துத் தூணின் உச்சியில் நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டான். தூண் செங்குத்தாக இருந்தால் நூல் மேலிருந்து கீழ்வரை அதை ஒட்டியே போக வேண்டும். குண்டு ஆடியது, ஆட்டம் குறைந்தது, நின்றது.

தூணுக்கும் குண்டுக்கும் நடுவில் ஒரு குழந்தையின் தலை புகுகிற அளவு இடைவெளி.

அவன் ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினான். தூணின் அடியில் குத்திட்டு உட்கார்ந்து மண்ணைக் கையால் தள்ளினான். தொட்டி வழிகிற தண்ணீர் காலகாலமாக இறங்கி இறங்கி அந்த இடம் சேறாகிக் கிடந்தது. பக்கத்தில் பள்ளம் ஆழமாக ஆக, சேறு அந்தப் பக்கம் நழுவ, அடித்தளமும் கூடவே கிளம்பியிருந்தது. ஷெட்டுக்குள்ளே விரித்திருந்த பாயையும் காகித மீன்களையும் அவன் பார்த்தான்.

பிறகு தொப்பியைக் கழற்றினான். தலை நிறைய நல்ல சுருட்டை முடி.

“மெஷினை நிறுத்துங்கடா” என்று பள்ளத்தைப் பார்த்துக் கத்தினான். திரும்பி வந்தவன் வித்தியாசத்திடம் கேட்டான்: “அந்தப் படத்தை எனக்குக் காட்டுறீங்களா அக்கா?”

தொட்டியின் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் தூண்களுக்கு இரும்பு முட்டுக் கொடுத்தாகிவிட்டது. அந்த வார முடிவில் தொட்டியையே இறக்கிவிட்டார்கள். பள்ளத்துக்கு முட்டுச்சுவர் கட்டின பிறகுதான் மறுபடி மண்வெட்டி விழுந்தது. குடியிருப்பே சூப்பர்வைசரைப் பாராட்டியது. அவர் ஒவ்வொருவரிடமும், “நான் எடுத்த படம்தான். ஆனா பார்த்தது இவ” என்றார். அவள் ஒவ்வொருவரிடமும், “பார்த்தது நான். காட்டினது குருவி” என்றாள்.

காப்பகம் தற்காலிகமாக எங்கே போவது என்ற கேள்வி வந்தபோது நாத்தனார் யோசிக்கவே இல்லை. அண்ணி வீட்டு ஹாலில் பாயை விரித்துவிட்டாள். பூனைக்கு வால் வரைகிற இடத்தில் பூனையைவிட மோசமான கூட்டம்.

அந்த அமளியின் நடுவிலேதான் அவள் குருவிக்காரருக்கு எழுதினாள். நடந்ததைச் சொன்னாள். நடுவில் வராமல் ஒதுங்கி நின்றதற்கு நன்றி என்று முடித்தாள். அந்த மனிதர் பெரிதாக நெகிழ்ந்து ஏதாவது எழுதுவார் என்று எதிர்பார்த்தாள்.

பதில் மறுநாளே வந்தது. ‘குழந்தைகள் நலம் என்பதில் சந்தோஷம். எந்தப் பதிப்பு பயன்படுத்துகிறீர்கள்?’ அதற்குக் கீழே, கூச்சத்தோடு கேட்பது போல, இன்னொரு வரி: ‘உங்களுக்கு ஆட்சேபணை இல்லையென்றால் அந்தத் தொட்டிப் படங்களை எனக்கு அனுப்ப முடியுமா?’

சூப்பர்வைசரைக் கேட்டுவிட்டு அனுப்பிவைத்தாள். எதற்கென்று அப்போது விளங்கவில்லை.

குருவியின் புதிய பதிப்பு வந்த அன்று விளங்கியது. ஒவ்வொரு பதிப்பையும் வெளியிடுவதற்கு முன்னால் அவர் சில படங்களை வைத்துச் சோதித்துப் பார்ப்பாராம். படம் சட்டென்று மாறுகிறதா, பெரிதாக்கின இடம் அப்படியே நிற்கிறதா என்று பார்ப்பதற்கு இனிமேல் தொட்டிப் படங்கள்தான். முன்னும் பின்னும் தட்டும்போது தொட்டி தலையாட்டாவிட்டால் அந்தப் பதிப்பு வெளியே போகாது. எழுதினது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைக்கிற கூட்டம் அல்லவா, சோதனை முடிவும் எல்லோருக்கும் தெரிகிற மாதிரியே போட்டிருந்தார்.

அவள் திரையில் அந்த வரியைப் படிக்கும்போது நாத்தனாரின் மகள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எம்பினாள்.

“அத்தை, தொட்டியைத் தலையாட்ட வைங்க.”

“எத்தனை தடவை பார்ப்பே? பூனை வரையணும் எனக்கு.”

“ஒரே ஒரு தடவை.”

அவள் அம்புக்குறியை அழுத்திப் பிடித்தாள். வங்கி அசையவில்லை. சுவர் அசையவில்லை. மூலையில் தொட்டி ‘உம், உம்’ என்று குனிய, ஹால் முழுக்கச் சிரிப்பு. திரையின் இன்னொரு பக்கத்தில் குருவிக்காரரின் வரி அப்படியே இருந்தது: ‘தொட்டி தலையாட்டுகிறது. வெளியிடலாம்.’